ஆய்வேட்டில் மேற்கோள் குறிப்பு: ஆசிரியர் பெயரும் ஊர்ப் பெயரும் சிதையாமல் போடுவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்காக இது. வேர்டில் அடிக்குறிப்பு போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நெறியாளரிடம் எந்த மேற்கோள் முறை, அதன் விதிநூலில் எத்தனையாவது பதிப்பு என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். ‘ஏபிஏ’ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) என்று மட்டும் தெரிந்தால் போதாது. ஆறாம் பதிப்பில் பதிப்பகத்துக்கு முன்னால் ‘சென்னை:’ என்று ஊர் வரும். 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். துறையில் கைமாறி வரும் ஜெராக்ஸ் தாளை நம்பி இறங்காதீர்கள்.

அடுத்து, நூல் விவரங்களைச் சேர்த்துவைத்து மேற்கோள் குறிப்பு போட்டுத் தரும் ஜொட்டேரோ (Zotero) மென்பொருளை நிறுவுங்கள். இலவசம், வேர்டோடு தானாக இணைந்துகொள்ளும். இதே வேலை செய்யும் மெண்டலேயும் (Mendeley) மோசமில்லை, ஆனால் கிராமத்தில் நெட் வராத வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஜொட்டேரோதான் என் பரிந்துரை. நூலின் இணைய முகவரியை ஒட்டினால் குறிப்பு தரும் இணையதளங்கள் பக்கமே போக வேண்டாம். கடைசி நேரத்தில் முறையை மாற்றச் சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.

இனி நம்மவர்களைப் படுத்தும் இடம்: ஆசிரியர் பெயர். இந்த மென்பொருள்கள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்களை எதிர்பார்க்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமியை ஆங்கிலத்தில் ‘நாகசாமி ஆர்’ என்று யாராவது பதிந்து வைத்திருந்தால், கடைசியில் நிற்கும் ‘ஆர்’ குடும்பப் பெயராகிவிடும். குறிப்பு ‘ஆர், என்.’ என்று வந்து நிற்கும். துணைநூற்பட்டியலில் அவரை ‘என்’ வரிசையில் தேடினால் கிடைக்க மாட்டார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரிலிருந்து இறக்கும் குறிப்புகளிலும் இது உண்டு. அதனால் ஒவ்வொரு நூலும் உள்ளே வந்தவுடன் வலப்பக்கம் ஆசிரியர் வரியைப் பாருங்கள். முதல் கட்டத்தில் முழுப் பெயர், இரண்டாவதில் தலைப்பெழுத்து. மாறியிருந்தால் அப்போதே திருத்துங்கள். ஆய்வேடு கட்டுக்குப் போகும் வாரம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் நூறு பெயர் சேர்ந்திருக்கும்.

துறை, நிறுவனம் ஆசிரியராக இருந்தால் வேறு கதை. ‘தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை’ என்பதை இரண்டு கட்டமாகப் பிரிக்கக் கூடாது. பெயர் வரியின் ஓரத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகும். தமிழ் எழுத்தில் ஆசிரியர் பெயர் கோணலாக வந்தாலும் இதுவே கைகொடுக்கும். ஒற்றைக் கட்டத்தில் அடித்தது அடித்தபடியே அச்சாகும்.

தமிழ் நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் எண் போட்டு விவரம் இழுப்பதை நான் விட்டுவிட்டேன். பல நேரம் தலைப்பும் பெயரும் மேலே கோடு, கீழே புள்ளி வைத்த ரோமன் எழுத்தில் வந்து விழும். தலைப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால் அடிப்பதே வேகம்.

ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. சேலத்திலிருந்து தருமபுரி 1965-இல் பிரிந்தது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-இல் பிரிந்தது. எழுபதுகளில் வந்த நூலின் தலைப்பில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று இருந்து, நீங்கள் பேசும் நடுகல் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்தாலும் தலைப்பில் கை வைக்காதீர்கள். அச்சில் உள்ளபடியே போடுங்கள். இன்றைய மாவட்டத்தை உங்கள் வாக்கியத்தில் சொன்னால் போதும்.

பக்க எண்ணை அடைப்புக்குறிக்குள் கையால் சேர்க்காதீர்கள். குறிப்பைச் செருகும் பட்டையில் ஆசிரியர் பெயரைச் சொடுக்கினால் பக்கத்துக்கான கட்டம் வரும், அங்கே போடுங்கள். தமிழில் எழுதினால் ஒரு பக்கத்துக்கு ‘ப.’, பல பக்கங்களுக்கு ‘பக்.’. சங்கப் பாடலுக்குப் பக்கம் வேண்டாம், பாட்டு எண்தான். தகடூர் அதியமானுக்கு ஔவையார் பாடிய நெல்லிக்கனிப் பாட்டு எந்தப் பதிப்பில் பார்த்தாலும் புறநானூறு 91தான். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பயன்படுத்திய பதிப்பைத் துணைநூற்பட்டியலில் காட்டுங்கள்.

அப்புறம் ‘மேலது’, அதாவது முந்தைய அடிக்குறிப்பில் உள்ள அதே நூல் என்று காட்டும் சொல். இதைக் கையால் அடித்து வைத்தால், நடுவில் ஒரு புதிய அடிக்குறிப்பு நுழைந்ததும் அது வேறு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். கடைசி வரை முழுக் குறிப்பாகவே விட்டு, நெறியாளர் சரி என்ற பிறகு மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: மா விவசாயிகளிடம் எடுத்த பேட்டியை எப்படிக் காட்டுவது என்று ஓசூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஏபிஏ முறையில், ஆய்வுக்காக நீங்களே எடுத்த பேட்டி உங்கள் தரவு. அது துணைநூற்பட்டியலுக்குப் போகாது. யாரிடம், எப்போது, எப்படி எடுத்தீர்கள் என்பதை ஆய்வுமுறை இயலில் எழுதி, மேற்கோளில் ‘விவசாயி 4’ என்பதுபோல் அடையாளம் கொடுங்கள். ஆய்வில் பங்கேற்காத அதிகாரி தொலைபேசியில் சொன்ன தகவல் என்றால், அவர் பெயர், ‘தனிப்பட்ட தொடர்பு’, தேதி மூன்றையும் வாக்கியத்திலேயே அடைப்புக்குறிக்குள் போடலாம். அதுவும் பட்டியலில் வராது. எம்எல்ஏ (MLA, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) மேற்கோள் முறையில் பேட்டிகளும் பட்டியலில் வரும். அதற்காகத்தான் எந்த முறை என்று முதலிலேயே கேட்கச் சொன்னேன்.