ஐப்பசியில் நுவரெலியா போகிறவர்களுக்கு

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு நுவரெலியா என்றால் ஏப்ரல் சீசன்தான். எனக்கு ஊர் நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயா, வேலை கொழும்பு கொட்டாஞ்சேனையில். என்னைக் கேட்டால் ஒக்டோபரில் போங்கள் என்பேன். நெரிசல் இல்லை, அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஆனால் வானம் மாறுகிற மாதம், அதற்கேற்ப நாளைப் பிரிக்கவேண்டும்.

தென்மேல் பருவக்காற்று செப்டெம்பரோடு ஓயும், வடகீழ்க்காற்று டிசம்பரில்தான் பிடிக்கும். இடைப்பட்ட இரண்டு மாதமும் பெரும்பாலும் காலையில் வெயில், பின்னேரம் இடியோடு மழை. ஆகவே வெளியே பார்க்கவேண்டியதை எல்லாம் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். ஹோட்டன் சமவெளிக்கு விடிவதற்கு முன்பே வண்டி ஏறவேண்டும். ஒன்பது, பத்து மணிக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் அங்குள்ள ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் நின்றாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாதீர்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஹக்கலைப் பூங்காவும் சீத்தாஎலிய கோயிலும் ஒரே பாதையில் இருப்பதால் அவற்றை இன்னொரு காலையில் சேர்த்துப் பார்க்கலாம். மழை நேரத்துக்குப் பெட்ரோ அல்லது லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலை நல்லது. இடி கேட்டால் கிரகரி வாவியில் படகு வேண்டாம்.

இரவில் 12, 13 பாகைக்கு இறங்கும். சுவெட்டர் மட்டும் போதாது, நனைந்தால் அதுவே குளிரும். மேலே போட ஒரு ரெயின்கோட், கூடுதலாக இரண்டு சோடி காலுறை. ஈரப் புல்லில் அட்டை ஏறும். காலுறைக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு நடங்கள்.

பாதையைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் எங்கள் மலைகளைச் சரித்ததை எல்லாரும் பார்த்தோம். புறப்படும் நாளிலும், முதல்நாள் இரவிலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்துக்குச் சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், அறைக்குக் கட்டிய பணத்தை நினைக்காதீர்கள். வழியில் ஆபத்து என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். ரயிலில் போவதாக இருந்தால் பாதை எதுவரை திறந்திருக்கிறது என்று கோட்டை நிலையத்தில் கேட்டுவிட்டே டிக்கெட் எடுங்கள்.

சொந்த வாகனத்தில் போகிறவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் வாருங்கள். நானுஓயாப் பக்கத்து ரதல்ல குறுக்கு வழி கிட்ட என்று யாராவது காட்டினாலும் வேண்டாம். 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் செத்தார்கள். அந்தச் சரிவு எங்களுக்கு நன்றாகத் தெரியும், மழையில் இன்னும் மோசம்.

அப்புறம், தீபாவளிக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் சுற்றிப்பார்க்கப் புறப்படாதீர்கள். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஊருக்குப் போகிற நாட்கள் அவை. புறக்கோட்டை பஸ் நிலையத்தில் பைகளோடு மணிக்கணக்காக நிற்பார்கள், அந்த இருக்கை அவர்களுக்கு வேண்டும். பண்டிகை கழிந்த அடுத்த கிழமை போனால் பஸ்ஸில் தாராளமாக இடம் கிடைக்கும்.