ஐந்து மறைவான விஷயங்கள்: விவாதத்தில் வழுக்கும் இடங்கள்

மறுமை நாளின் நேரம், மழை, கருவறையில் இருப்பது, நாளைய சம்பாத்தியம், சாகும் இடம். இறைவன் மட்டுமே அறிபவை எனப்படும் இந்த ஐந்தையும் சொல்வது குர்ஆனின் லுக்மான் அத்தியாயத்தின் 34ஆம் வசனம். கோப்பிக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று காட்டும் ஸ்கேன் வந்ததோடு வசனம் பொய்த்தது என்பார் ஒருவர். அறிவியல் இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை என்பார் மற்றவர். இருவருமே அவசரப்படுகிறார்கள்.

வசனத்தையும் ஹதீஸையும் (நபிமொழியையும்) ஒன்றாகக் குழைக்காதீர்கள். மழையை இறைவன் இறக்குகிறான், கருவறைகளில் உள்ளதை அறிகிறான் என்பதோடு வசனம் நிற்கிறது. ‘யாரும் அறியார்’ என்ற நேரடி மறுப்பு கடைசி இரண்டுக்குத்தான். ஐந்துக்கும் அதை விரிப்பது நபித்தோழர் இப்னு உமர் அறிவிக்கும், புகாரி தொகுப்பிலுள்ள ஹதீஸ். ஆட்சேபம் எதன் மீது என்று முதலில் கேளுங்கள்.

‘பாலினம் ஒருபோதும் பொருளாக இருந்ததில்லை, குழந்தையின் விதியே பொருள்’ என்று சமாளிப்பதும் தவறு. தபரீ, இப்னு கஸீர் ஆகியோரின் தஃப்சீர்களில் (குர்ஆன் விளக்கவுரைகளில்) ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. ஆனால் இறைவன் கட்டளையிட்டபின் வானவர்களும் அவன் நாடியவர்களும் அறிவார்கள் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னு கஸீர் எழுதிவிட்டார். ஸ்கேனுக்குப் பதில் தேடுவோர் இதைத்தான் எடுக்க வேண்டும், பலர் எடுப்பதில்லை.

அதைவிட ஆபத்தானது, ‘நான்கு மாதத்துக்கு முன் யாருக்கும் தெரியாது’ என்று கோடு போடுவது. பாலினம் கருத்தரிக்கும்போதே விந்தணுவின் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோமால் முடிவாகிறது. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டிஎன்ஏவை வைத்து 10ஆம் வாரம் முதலே கண்டறியலாம். சோதனைக் குழாய்க் கருவிலோ, கருவறைக்குள் வைக்குமுன்பே மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். இப்படிப் போட்ட கோடு ஒவ்வொரு கருவிக்கும் பின்வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

மழையிலும் இதே கதை. சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங்கில் கொட்டும்போது கிழக்கே சாங்கி காய்ந்து கிடக்கலாம்; முன்னறிவிப்பு தவறலாம். பிற்பகல் இடிமழை சில கிலோமீட்டர் அகலத்தில் சட்டென உருவாகிக் கரைவதே காரணம். அந்தப் பிழையை மறைவான ஞானத்துக்குச் சான்றாக்காதீர்கள். மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா புயற்காற்றை ரேடார் முன்கூட்டியே காட்டுகிறது. எதிர்த்தரப்பும் கவனிக்கட்டும்: முன்னறிவிப்பு அறிகுறிகளிலிருந்து கணிக்கும் வாய்ப்பு, மறைவை அறிந்ததாக அது உரிமை கோருவதில்லை.

சிங்கப்பூர் முஸ்லிம்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. இங்கே நோன்பின் தொடக்கத்தை முடிவுசெய்ய, பிறையின் உயரம் குறைந்தது 3 பாகை, சூரியனிலிருந்து விலக்கம் குறைந்தது 6.4 பாகை என்ற கணக்கைப் பார்க்கிறோம். அதை யாரும் மறைவான ஞானத்தில் கைவைப்பதாகச் சொல்வதில்லை.