பழைய சூப்பர் ஹீரோ பொம்மை வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் இப்படிப் பாருங்கள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ யாராவது ஒரு ஸ்பைடர்மேனையோ அயன்மேனையோ காட்டி, "ஒரிஜினல் தம்பி, வெளிநாட்டில இருந்து வந்தது" என்றால் உடனே விலை பேச வேண்டாம். பொம்மையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வாருங்கள். கையில் ஒரு அடிமட்டமும் போன் டோச்சும் இருந்தால் போதும்.

முதலில் அது எந்தப் பொம்மை என்று தெரிய வேண்டும். உயரத்தை அளந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஏறக்குறைய 6 அங்குலம், அதுவும் ஸ்பைடர்மேன், அயன்மேன் ஆட்கள் என்றால் மார்வெல் லெஜன்ட்ஸ் என்ற வரிசையாக இருக்கலாம். 7 அங்குலம், அதுவும் பேட்மேன், சூப்பர்மேன் ஆட்கள் என்றால் மெக்ஃபார்லன் கொம்பனி 2020இல் தொடங்கிய டி.சி. வரிசையாக இருக்கலாம். 12 அங்குலம், துணி உடுப்பு, முகம் அச்சு அசலாக நடிகர் மாதிரியே என்றால் ஹொங்கொங்கின் ஹாட் டாய்ஸ் ரகம். அது வேறு விலை, வேறு உலகம். தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

அடுத்து பாதத்தின் அடி, முதுகு, தொடையின் பின்பக்கம். டோச்சைச் சாய்த்துப் பிடித்தால் கொம்பனிப் பெயரும் ஒரு வருடமும் பொடி எழுத்தில் தெரியும். அந்த வருடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் அச்சுக்கு உரிமை எடுத்த வருடம். பொம்மை செய்த வருடமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே உடம்பு அச்சை வைத்துப் பல வருடங்கள் வேறு வேறு ஆட்களைச் செய்வார்கள். கொம்பனிப் பெயரும் கவனிக்க வேண்டியதுதான். மார்வெல் லெஜன்ட்ஸ் 2002இல் டாய் பிஸ் கொம்பனியில் தொடங்கியது, 2007இல் ஹாஸ்ப்ரோ கைக்குப் போனது. எனவே "2003 பொம்மை" என்று சொல்பவரின் கையில் இருப்பதில் ஹாஸ்ப்ரோ என்று இருந்தால், சொல்கிற கதையில் எங்கோ இடிக்கிறது.

எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் கொப்பிதான், அதாவது போலி. கையில் எடுத்தாலே காற்றுப் போல இருக்கும், கண்ணின் கருமணி ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், இரண்டு அச்சு சேரும் கோடு தோளில் கத்தி போல நிற்கும். பிள்ளைக்கு விளையாட வாங்குவதென்றால் கொப்பி தாராளமாகப் போதும். சேகரிப்பவரின் விலையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

இப்போது மூட்டுகள். என்னைக் கேட்டால் மொத்தப் பரிசோதனையில் பாதி நேரத்தை இதற்கே செலவழிக்க வேண்டும். நம் ஊர்க் குளிரில் ஒரு விஷயம் முக்கியம்: பிளாஸ்டிக் குளிர்ந்தால் விறைக்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி காலையில், புல்லில் உறைபனி கிடக்கும் நேரத்தில், இறுகிய முழங்கையை வேகமாக மடக்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய முளை முறிந்துவிடும். முறித்தவர் நீங்கள் என்பதால் காசும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். உள்ளங்கைக்குள் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு மெதுவாக அசையுங்கள். வீட்டில் என்றால் வெந்நீரில் கொஞ்சம் நனைத்தாலே இளகிவிடும்.

கணுக்காலில் இருந்து தொடங்குங்கள், எடை முழுக்க விழுவது அங்கேதான். பாதத்தை மெல்லத் திருப்பும்போது முளையின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதா? அந்த இடம் ஏற்கெனவே வளைந்து களைத்துவிட்டது, உடைய நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூட்டைச் சுற்றிக் கண்ணாடி போல மினுமினுப்பு இருந்தால் யாரோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். எல்லாம் சரி என்றால் தட்டையான மேசையில் பிடிக்காமல் நிறுத்துங்கள். சாய்ந்து விழுந்தால் மூட்டு தளர்ந்துவிட்டது, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அப்படியே தொடையில் விரலை வைத்து எடுங்கள். விரல் ஒட்டுகிறதா? மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக்கில் கலந்த எண்ணெய் போன்ற பொருள் வருடங்கள் போகப் போக மேலே கசிந்து வரும். பெட்டிக்குள் மூடியே வைத்த பொம்மையிலும் இது நடக்கும். "சீல் உடைக்கவே இல்லை" என்பது இதற்கு மருந்தாகாது. லேசான பிசுபிசுப்பு என்றால் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து கழுவினால் போகும், பிறகு திரும்பவும் வரலாம். தின்னர் மட்டும் போடவே போடாதீர்கள், பெயின்ட் சேர்ந்து வந்துவிடும். வெள்ளை, நீலப் பகுதிகள் மஞ்சளித்திருந்தால் பொம்மை ஜன்னலோரத்தில் வெயில் காய்ந்திருக்கலாம்.

கூட வந்த சாமான்களைக் கேட்காமல் விடாதீர்கள். கேடயம் இல்லாத கெப்டன் அமெரிக்காவுக்கு என்ன மதிப்பு? மாற்றுக் கைகள், மாற்றுத் தலை, துப்பாக்கி எல்லாம் சிறியவை, முதலில் தொலைவதும் அவைதான். 2005இல் கலாக்டஸ் என்ற பெரிய பொம்மை துண்டுதுண்டாக வந்ததில் இருந்து பல மார்வெல் லெஜன்ட்ஸ் பெட்டிகளில் ஒரு பெரிய பொம்மையின் ஒரு துண்டும் வரும். எல்லாத் துண்டையும் சேர்த்தால்தான் அந்தப் பெரியவர் உருவாவார். சில நேரம் பொம்மையை விட அந்தத் துண்டைத் தேடித்தான் ஆட்கள் அலைகிறார்கள். பெட்டியோடு உள்ள படத்தை போனில் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்டி இருந்தால் முதலில் மணந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். ஈரவாடை அடித்தால் அட்டையின் உள்மடிப்பில் பூசணம் இருக்கும், பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியாது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் அந்த நிலைமை. அந்தக் காலத்தில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். "கட்டிலுக்குக் கீழே" என்று பதில் வந்தால் பெட்டிக்கென்று தனியாகக் காசு சேர்க்காதீர்கள்.

கடைசியாக விலை. ஈபே என்ற இணையச் சந்தையில் ஆள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டி, உங்கள் பொம்மையின் அதே நிலையில் உள்ள ஐந்தாறைப் பார்த்து நடுவான ஒன்றை எடுங்கள். ரூபாவுக்கு மாற்றும்போது, அங்கிருந்து வரவழைத்தால் தபாலும் சுங்கமும் எவ்வளவு ஆகும் என்பதையும் கூட்டுங்கள். அதுதான் நீங்கள் தாண்டக் கூடாத எல்லை. திரும்ப விற்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கீழே இறங்குங்கள். மலையகத்தில் வாங்க ஆள் குறைவு, கடைசியில் கொழும்பில்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். பொம்மையின் நிலையைச் சோதித்துப் புள்ளி போடும் அமெரிக்காவின் ஏ.எஃப்.ஏ. போன்ற இடத்துக்கு அனுப்பி 100க்கு இத்தனை என்று புள்ளி வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சாதாரணப் பொம்மைக்கு அமெரிக்காவுக்குப் போய்வரும் செலவே அதன் விலையைத் தின்றுவிடும்.

விற்பவர் தூரத்தில் இருந்தால் நான்கு படம் கேளுங்கள்: பாதத்தின் அடி, முதுகு, மடக்கிய முழங்கால், கூட உள்ள சாமான்கள் எல்லாம் ஒரே படத்தில். முகத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புபவரிடம், "அண்ணே, கால் படத்தை அனுப்புங்க, அப்புறம் விலை பேசுவோம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.