போஸ்ட்கிரெஸ்: பரிவர்த்தனை எண்கள் தீரும் வேளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் எழுதும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் (ஒன்றாக நிறைவேறும் கட்டளைத் தொகுதி) 32 பிட் எண் ஒன்றைப் பெறுகிறது. இவ்வெண்கள் சுழன்று மீண்டும் வருபவை. ஆகவே அட்டவணையின் ஒரு வரிசையைப் பதித்த எண் சுமார் 214 கோடிக்கு மேல் பின்தங்கினால், அது எதிர்காலத்தில் பதிக்கப்பட்டதாகக் கருதப்பட்டு, அவ்வரிசையே தேடலில் தென்படாமல் போகும். இதைத் தடுக்கவே வேக்கம் என்னும் பராமரிப்புப் பணி பழைய வரிசைகளை உறைந்தவையாக, அதாவது எப்போதும் கடந்தகாலத்தவையாக, குறித்து வைக்கிறது. தானாகவே ஓடும் வேக்கம் ஆட்டோவேக்கம் எனப்படும். கண்காணிப்பு தேவை என்பதை யாவரும் அறிவர். நாங்கள் அந்நாளில் செய்து, புதியவர்கள் இன்றும் செய்துவரும் பிற தவறுகளே இங்கு உள்ளன.

மறுதொடக்கம் செய்து பார்ப்பது

பயனில்லை. எண் பின்னோக்கிச் செல்லாது.

ஆட்டோவேக்கத்தைக் கொல்வது

ஒரு அட்டவணையின் வயது, அதாவது அதன் உறையாத மிகப் பழைய எண் பின்தங்கிய அளவு, இயல்பு அமைப்பில் 20 கோடியைத் தாண்டியதும், ஆட்டோவேக்கத்தை அணைத்து வைத்திருந்தாலும்கூட, சுழற்சியைத் தடுப்பதற்கான வேக்கம் தானாகவே தொடங்கிவிடும். வழக்கமான ஆட்டோவேக்கம் பிறர் பூட்டுக் கேட்டால் விலகிக்கொள்ளும், இது விலகாது. எனவே அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளை இதன் பின்னால் காத்திருக்க, மற்ற வினவல்கள் அக்கட்டளையின் பின்னால் தேங்க, பதற்றத்தில் புதியவர் வேக்கத்தைக் கொன்றுவிடுகிறார்.

நான் உதவச் சென்ற ஒரு குழு இதைத் தானியங்கியாகவே மாற்றியிருந்தது. நெடுநேரம் ஓடுபவை அனைத்தையும் இரவுதோறும் கொல்லும் ஸ்கிரிப்ட் அது. எழுதியவருக்குப் பாராட்டும் கிடைத்ததாம். மிகப் பெரிய அட்டவணையின் வேக்கம் ஒருமுறைகூட முடியவில்லை; முழுவதும் முடிந்தால்தான் வயது குறையும் என்பதை எவரும் கவனிக்கவில்லை. 4 கோடி எண்கள் எஞ்சியபோதே பதிவேட்டில் எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. 30 லட்சம் எஞ்சியபோது போஸ்ட்கிரெஸ் புதிய எண் வழங்க மறுத்தது. எழுதுதல் முற்றிலும் நின்றது. இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனெனில் தள்ளிப்போட வேண்டியது அட்டவணை மாற்றத்தைத்தானே தவிர வேக்கத்தை அல்ல. வேக்கம் மெதுவாக ஓடினால் அதன் இடைநிறுத்த நேரத்தைக் குறைக்கலாம். பளு குறைந்த வேளையில் கையாலேயே முன்கூட்டி ஓட்டியும் விடலாம்.

தடையை நீக்காமல் வேக்கத்தை மீண்டும் மீண்டும் ஓட்டுவது

மூடப்படாத பழைய பரிவர்த்தனை, முடிக்கப்படாமல் விடப்பட்ட இருகட்டப் பரிவர்த்தனை (முதலில் தயார்செய்து, பின்னர் தனியே உறுதிசெய்வது), கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வருக்காகத் தரவைக் காத்து வைக்கும் பதிவு) ஆகியவற்றுள் ஒன்று பழைய எண்ணைப் பிடித்து வைத்திருந்தால், வேக்கம் வெற்றிகரமாக முடிந்தாலும் வயது இறங்காது. முதலில் அதைத் தேடி முடித்துவிட வேண்டும்.

வேக்கம் ஃபுல் ஓட்டுவது

அட்டவணையை முழுவதுமாகத் திருப்பி எழுதும் வேக்கம் அது. அதற்கே புதிய எண் வேண்டும். எழுதுதல் நின்ற பின் அது தோல்வியடையும். சாதாரண வேக்கம் போதும்.

ஒற்றைப் பயனர் முறைக்குச் செல்வது

சர்வரை நிறுத்திவிட்டு ஒருவர் மட்டும் இணையும் முறை இது; பழைய வழிகாட்டிகள் சொல்வது. அது தேவையில்லை. எழுதுதல் நின்ற பின்னும் சர்வர் ஓடும்போதே வேக்கம் இயங்கும்.