வீட்டுப் பிரச்சினையும் பிள்ளையும்: புதியவர்கள் விடும் பிழைகள்

உளவளத்துணை வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பேரோடு போன மாதம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போய் வந்தேன். நான் தொடக்கத்தில் விட்ட பிழைகளில் ஒன்றைக்கூட அவர்கள் மிச்சம் வைக்கவில்லை. பிள்ளையை அதட்டக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாதவை வேறு.

பிள்ளை சொன்னதை வீட்டுக்குக் காவுவது

இதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சல் வரும். ஐந்தாம் தரப் பையன், வகுப்பில் எந்நேரமும் நித்திரை. இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் கொப்பியின் மூலையை மடித்து மடித்து நிமிர்த்திக்கொண்டே சொன்னான்: "அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டாரெண்டா குடிக்கல்ல சேர். வேலியில சாத்தினாரெண்டா குடிச்சிருக்கார்." வேலி சரசரத்தால் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அடுத்த வளவில் இருக்கிற அம்மம்மா வீட்டுக்குப் போய்விடுவானாம்.

எனக்குப் பெரிய புளுகம். அன்று பின்னேரமே தகப்பனிடம் போய், "நீங்கள் சைக்கிளை வேலியில் சாத்தும் நாளில் பிள்ளைகள் படுக்கிறதில்லை, தெரியுமா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி, திருந்திவிட்டார் என்று வந்துவிட்டேன்.

அந்தக் கதை யார் வாயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு பையன் என்னோடு பேசியது "ஒண்டுமில்ல சேர்" மட்டும்தான். அம்மம்மா சொன்னதுதான் இன்னும் மோசம்: அந்த மனுசன் குடித்துவிட்டு வந்தாலும் ஒழுங்காக ஸ்டாண்ட் போடத் தொடங்கிவிட்டாராம். பிள்ளை முன்கூட்டியே தப்பிக்க இருந்த ஒரே அடையாளத்தையும் நான்தான் இல்லாமல் செய்தேன்.

தகப்பனிடம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசிரியர் கண்ட வகுப்பு நித்திரையை வைத்துப் பேசியிருக்கலாம். எதைச் சொல்லலாம் என்று முதலில் பையனிடமே கேட்டிருக்கலாம்.

"யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்வது

பிள்ளைக்கு ஆபத்து என்றால் நன்னடத்தை உத்தியோகத்தருக்கோ, பொலிசுக்கோ, 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கோ சொல்லித்தான் ஆகவேண்டும். அதைத் தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

"அம்மாவா, அப்பாவா?"

கேட்காதீர்கள்.

தாய் வெளிநாட்டில் என்றதும் முடிவு கட்டுவது

குவைத், கட்டார் என்று கேட்டவுடன் 'சிதைந்த குடும்பம்' என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். யார் சோறு போடுகிறார், காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார் என்று கேளுங்கள். மகளுக்கு வீடு கொடுக்கிற ஊர் இது. அம்மம்மாவும் சின்னம்மாவும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். ஆனால் தாயும் தகப்பனும் மாதக்கணக்கில் முகம் பாராமல், "உங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு" என்று பிள்ளையைத் தூது விடும் வீடு எந்தப் படிவத்திலும் வருவதில்லை.

அமைதியான பிள்ளையை விட்டுவிடுவது

குழப்படிக்காரன் எப்படியும் கண்ணில் படுவான். எட்டு வயதில் சட்டிபானை கழுவி, தம்பிக்குத் தலை இழுத்துவிட்டு, மணி அடிக்கமுன் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையின் பெயர் எங்கள் பட்டியலில் இருக்காது.