1936: பிரிட்டனின் ஓராண்டு நிகழ்வுப் பட்டியலைப் பிசகில்லாமல் தொகுப்பது எப்படி?

ஒரு நாட்டின் ஓராண்டு வரலாற்றைத் தேதிவாரியாகத் தொகுப்பது சுலபமான வேலை போலத்தான் தெரியும். தேதி, ஊர், நடந்தது என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பினால் போதும் என்று உட்காருவோம். 1936ஆம் ஆண்டு பிரிட்டனை எடுத்துக்கொண்டால், அந்த மூன்று கட்டமும் ஜனவரி 20ஆம் தேதியிலேயே போதாமல் போய்விடும். ஒரே ஆண்டில் மூன்று மன்னர்கள், முடிதுறப்பு, தெருச்சண்டை, பசி ஊர்வலங்கள், தொலைக்காட்சி, தீவிபத்து என்று எல்லாமே அதில் இருக்கின்றன. ஆண்டுமலருக்கோ, விக்கிப்பீடியாவுக்கோ, தேர்வுக் குறிப்புக்கோ தொகுப்பவர்கள் பழகிக்கொள்ள இதைவிட நல்ல ஆண்டு கிடையாது. தேதிகளில் வரக்கூடிய குளறுபடிகள் பெரும்பாலும் இந்த ஒரே ஆண்டில் வந்துவிடுகின்றன.

முதலில் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். 1936இல் பிரிட்டன் என்றால் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து. தென் அயர்லாந்து அப்போது அயர்லாந்து சுதந்திர அரசு என்ற பெயரில் தனி டொமினியன், அதாவது பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி பெற்ற நாடு. இந்தியாவில் சிந்து, ஒரிசா மாகாணங்கள் உருவான ஏப்ரல் 1ஐ இந்தப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. அது இந்தியப் பட்டியலுக்கு உரியது. வெளிநாட்டு நிகழ்வுகளில் பிரிட்டன் நேரடியாகச் செய்ததை மட்டும் எடுங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் ஜூலையில் வெடித்தது என்று எழுதுவதைவிட, அந்தப் போரில் வெளிநாடுகள் தலையிடாமல் தடுக்க அமைத்த தலையிடாமைக் குழு லண்டனில் செப்டம்பர் 9 அன்று முதன்முறையாகக் கூடியது என்று எழுதுவதே இங்கே பொருந்தும். ஆங்கிலோ-எகிப்திய உடன்படிக்கை லண்டனில் கையெழுத்தானது ஆகஸ்ட் 26. அதைத் தயங்காமல் சேர்க்கலாம்.

அடுத்து விரிதாள். அதில் எட்டுக் கட்டம் வேண்டும்: தேதி, கிழமை, நேரம், இடம், நடந்தது, தேதியின் வகை, ஆதாரம், பின்னாளில் தெரியவந்தது. ஆறாவது கட்டத்தை யாரும் போடுவதில்லை. தவறுகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நிகழ்ந்த நாள், கையெழுத்தான நாள், அரச ஒப்புதல் கிடைத்த நாள், நடைமுறைக்கு வந்த நாள், செய்தி வெளியான நாள் என்று ஐந்து வகை வைத்துக்கொண்டால் 1936க்குப் போதும். பட்டியலில் எந்த வகையை முதன்மையாக எடுக்கப்போகிறீர்கள் என்பதை மேலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

முதல் வரியை நிரப்பிப் பார்ப்போம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் இறந்தது ஜனவரி 20, திங்கள், இரவு 11.55. உலகம் பெரும்பாலும் அறிந்தது நள்ளிரவுக்குப் பிறகு, அதாவது 21ஆம் தேதி. இந்திய நேரப்படி அப்போது 21ஆம் தேதி விடிகாலை 5.25. எனவே பழைய இந்தியப் பத்திரிகை ஒன்றைப் பார்த்து '21' என்று எழுதுபவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் லண்டன் நிகழ்வுகளின் பட்டியலில் 20தான் நிற்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. வேட்டைக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று ஏழாம் எட்வர்ட் காலத்திலிருந்தே சாண்ட்ரிங்ஹாம் கடிகாரங்கள் கிரீன்விச் நேரத்தைவிட அரை மணி முன்னால் ஓடின. அந்த வழக்கத்தை எட்டாம் எட்வர்ட் மன்னரானபோதுதான் நிறுத்தினார். ஆகவே அன்று மாளிகைக்குள் இருந்தவர்களின் நாட்குறிப்பிலிருந்து நேரம் எடுத்தால், அது எந்தக் கடிகாரத்தின் நேரம் என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

எட்டாவது கட்டம் எதற்கு என்பதும் இந்த வரியிலேயே தெரிந்துவிடும். மன்னரின் மருத்துவர் டாசன் பிரபு மார்பினும் கொக்கெய்னும் ஊசி வழியாகச் செலுத்தி மரணத்தை விரைவுபடுத்தினார் என்பது அவரே எழுதிவைத்த குறிப்பிலிருந்து 1986இல்தான் வெளியே வந்தது. செய்தி மாலைப் பத்திரிகைகளுக்குப் போகாமல் காலையில் வரும் 'டைம்ஸ்' நாளிதழில் முதலில் வரவேண்டும் என்பதும் அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதை 'நடந்தது' கட்டத்தில் போட்டால், 1936இல் மக்களுக்கு இது தெரிந்திருந்தது போன்ற தோற்றம் வந்துவிடும். எட்டாவது கட்டத்தில், 1986 என்ற ஆண்டோடு போடுங்கள்.

பிரிட்டனில் ஒரு மன்னர் இறந்த நொடியிலேயே அடுத்தவர் மன்னர். அரியணை ஏற்புக் குழு கூடியது 21, தெருவில் பிரகடனம் வாசித்தது 22. இரண்டும் சடங்குகளே. எட்டாம் எட்வர்டின் ஆட்சி 20ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அங்கிருந்து டிசம்பர் 11 வரை எண்ணினால் 326 நாள் வரும். 325 வந்தால் பிப்ரவரி 29ஐ விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்; அது லீப் ஆண்டு.

முடிதுறப்புக்கு ஒரே வரி ஒதுக்கினால் கட்டாயம் தவறு வரும். குறைந்தது ஏழு வரி வேண்டும். எட்டாம் எட்வர்ட் காதலித்த அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்சனுக்கு இப்ஸ்விச் நீதிமன்றத்தில் மணமுறிவின் முதற்கட்டத் தீர்ப்பு கிடைத்தது அக்டோபர் 27. அவரை மணக்கப்போவதாகப் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினிடம் மன்னர் சொன்னது நவம்பர் 16. பிராட்ஃபோர்டு பேராயர் பிளன்ட் மன்னரைக் குறைகூறுவதுபோல் பேசியது டிசம்பர் 1, லண்டன் நாளிதழ்கள் மௌனத்தைக் கலைத்தது 3. விலகல் பத்திரத்தில் மன்னர் கையெழுத்திட்டது 10ஆம் தேதி, பெல்வெடேர் கோட்டையில், மூன்று தம்பிகள் சாட்சியாக. நாடாளுமன்றச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது 11, வெள்ளி, பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன். அவர் ஆட்சி முடிந்ததும் தம்பி ஆறாம் ஜார்ஜின் ஆட்சி தொடங்கியதும் அந்த நொடியில்தான். கையெழுத்து நாளில் அல்ல. பழைய மன்னர் போர்ட்ஸ்மத்திலிருந்து போர்க்கப்பலில் கிளம்பியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, ஆகவே அந்த வரிக்கு 12.

11ஆம் தேதி இரவு வின்ட்சர் மாளிகையிலிருந்து வானொலியில் பேசியவரை 'மன்னர்' என்று எழுதிவிடாதீர்கள். அறிவிப்பில் அவர் இளவரசர் எட்வர்ட். 'வின்ட்சர் கோமகன்' என்ற பட்டமும் அந்த வரியில் வரக்கூடாது. அது அதற்குப் பிறகு வந்தது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அதே முடிதுறப்பு தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி டிசம்பர் 10இலிருந்தும், அயர்லாந்து சுதந்திர அரசில் 12இலிருந்தும் செல்லும். அயர்லாந்து தன் சட்டத்தை ஒரு நாள் தாமதமாக நிறைவேற்றியது. தென்னாப்பிரிக்கா மறு ஆண்டு இயற்றிய சட்டத்தில் 10ஆம் தேதியையே கணக்கில் வைத்தது. எனவே மூன்று தேதிகளும் வெவ்வேறு புத்தகங்களில் கண்ணில் படும், மூன்றுமே அச்சுப்பிழை அல்ல. நீங்கள் பிரிட்டனுக்கு எல்லை போட்டிருப்பதால் 11. மற்ற இரண்டும் குறிப்பில் இருக்கட்டும்.

சட்டங்களை மேற்கோள் காட்டும் முறையும் சற்றுக் குழப்பும். 1963க்கு முன்பு பிரிட்டிஷ் சட்டங்களுக்கு எண் கொடுத்தது நாட்காட்டி ஆண்டை வைத்தல்ல, நாடாளுமன்றக் கூட்டத்தொடர் மன்னரின் எந்த ஆட்சியாண்டில் விழுந்தது என்பதை வைத்து. 1936 கோடைக்காலச் சட்டங்களில் '26 ஜார்ஜ் 5 & 1 எட்வர்ட் 8' (ஐந்தாம் ஜார்ஜின் 26ஆம், எட்டாம் எட்வர்டின் 1ஆம் ஆட்சியாண்டு) என்றும், டிசம்பர் சட்டங்களில் '1 எட்வர்ட் 8 & 1 ஜார்ஜ் 6' என்றும் இருக்கும். இரண்டாவது தொகுதியில் 1937ஆம் ஆண்டுச் சட்டங்களும் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு சட்டத்தின் எண்ணையும் அத்தியாயம் என்பார்கள்: முடிதுறப்புச் சட்டம் அதில் 3ஆம் அத்தியாயம், பொது ஒழுங்குச் சட்டம் 6ஆம் அத்தியாயம். தலைப்பில் ஆண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அரச ஒப்புதல் தேதியைச் சட்டத்தின் முகப்பிலிருந்தே எடுங்கள்.

அந்த ஆண்டின் கல்விச் சட்டம் இதற்குச் சரியான பாடம். ஒப்புதல் ஜூலை 31. பள்ளியை விட்டு நிற்கும் வயதை 15 ஆக்க அது நாள் குறித்தது 1939 செப்டம்பர் 1. போர் குறுக்கே வந்து அது நிறைவேறவேயில்லை. வயது 15 ஆனது 1947இல். '1936: பள்ளி வயது 15 ஆனது' என்று எழுதினால் அது முழுப்பிழை. '15 ஆக்கச் சட்டம் இயற்றப்பட்டது' என்று எழுதினால் சரி. இவ்வளவு சின்ன வித்தியாசத்தில்தான் பல பட்டியல்கள் கவிழ்கின்றன.

கூட்டம், ஊர்வலம் பற்றி எழுதும்போது எண்ணிக்கையில் எச்சரிக்கையாக இருங்கள். அக்டோபர் 4, ஞாயிறு, லண்டனின் கிழக்குப் பகுதியில் ஆஸ்வால்ட் மோஸ்லியின் பாசிஸ்டுகள் ஊர்வலம் போக முயன்றதை உள்ளூர் மக்கள் தடுத்தார்கள். கேபிள் தெரு மோதல் என்று பெயர் பெற்றது அது. எதிர்த்து நின்றவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இருபதாயிரத்திலிருந்து மூன்று லட்சம் வரை கணக்குகள் உலவுகின்றன. அதில் ஒன்றைப் பிடித்து எழுதாமல், யார் சொன்ன கணக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலான கைகலப்பு வழியைத் திறக்கப் பார்த்த போலீசாருக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் இடையே நடந்தது. பாசிஸ்டுகளோடு நேருக்கு நேர் சண்டை என்று எழுதுவது பொதுவாகக் காணப்படும் தவறு. அதன் விளைவுகளில் ஒன்றாகிய பொது ஒழுங்குச் சட்டத்துக்கு ஒப்புதல் டிசம்பர் 18. அரசியல் சீருடைத் தடை நடைமுறைக்கு வந்தது 1937 ஜனவரி 1. பட்டியலில் முதலாவதை வைத்து, இரண்டாவதைக் குறிப்பாக எழுதலாம்.

மறுநாள் அக்டோபர் 5இல் வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ ஊரிலிருந்து சுமார் 200 பேர் வேலை கேட்டு நடக்கத் தொடங்கி, அக்டோபர் 31இல் லண்டன் சேர்ந்தார்கள். ஓக் மரப்பெட்டியில் அவர்கள் கொண்டுவந்த மனுவை உறுப்பினர் எல்லன் வில்கின்சன் மக்களவையில் அளித்தது நவம்பர் 4. இங்கே படத்தில் ஏமாற வேண்டாம். வேலையற்ற தொழிலாளர் இயக்கத்தின் தேசியப் பசி ஊர்வலம் அதே இலையுதிர் காலத்தில் வந்து, நவம்பர் 8இல் லண்டனை எட்டியது. அந்தப் படங்களும் பார்வையற்றோர் நடத்திய ஊர்வலப் படங்களும் 'ஜாரோ' என்ற தலைப்போடு சுற்றுகின்றன. பதாகையில் ஊர்ப்பெயர் தெளிவாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

மற்றவற்றை வேகமாக முடிக்கலாம். குயின் மேரி கப்பல் முதல் பயணம் கிளம்பியது மே 27. நீரில் இறங்கியது 1934. இரண்டையும் கலக்காதீர்கள். தொலைபேசியில் நேரம் சொல்லும் 'பேசும் கடிகார'ச் சேவை தொடங்கியது ஜூலை 24. பிபிசி தொலைக்காட்சியின் ஒழுங்கான ஒளிபரப்பு அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து நவம்பர் 2. 'உலகின் முதல் தொலைக்காட்சி' என்று எழுதிவிடக்கூடாது, ஜெர்மனி முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. படத்தை 240 கோடுகளாகப் பிரித்து அனுப்பும் பேர்ட் நிறுவனத்தின் முறையும் மார்க்கோனி-இஎம்ஐயின் 405 கோடு முறையும் மாறி மாறி ஓடின. லண்டனின் புகழ்பெற்ற கண்ணாடிக் கட்டடமான கிரிஸ்டல் மாளிகை எரிந்தது நவம்பர் 30 இரவு.

ஆதாரங்கள் எங்கே? நாடாளுமன்றப் பேச்சுகளுக்கு ஹான்சார்ட், அரசு அறிவிப்புகளுக்கு லண்டன் கெசட், அமைச்சரவைக் குறிப்புகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகம்; இவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் உண்டு. ஹான்சார்டில் நள்ளிரவைத் தாண்டிய விவாதம் அமர்வு தொடங்கிய நாளின் தேதியிலேயே இருக்கும். கெசட்டின் துணை இதழில் முகப்பில் இரண்டு தேதி வரும்: எந்த இதழுக்குத் துணை என்பது ஒன்று, வெளியான நாள் இன்னொன்று, இரண்டாவதை எடுங்கள். திரையரங்கச் செய்திப்படங்கள் வாரம் இருமுறை வெளியானவை, ஆகவே அட்டையில் உள்ள தேதி நிகழ்ந்த நாளைவிடப் பிந்தியது. நாளிதழ்களிலும் அப்படியே, ஒரு நாள் பின்னால். முடிதுறப்பு விஷயத்தில் மட்டும் பிரிட்டிஷ் நாளிதழ்களை நம்பி அக்டோபர், நவம்பர் வரிகளை நிரப்ப முடியாது. ஆசிரியர்கள் தாங்களாகவே வாய்மூடி இருந்தார்கள். விஷயத்தைப் போட்டுடைத்த அமெரிக்க இதழ்கள் பிரிட்டன் கடைகளுக்கு வரும்போது அந்தப் பக்கங்கள் வெட்டப்பட்டிருந்தன. அரசு ஆவணங்களின் பெரும்பகுதி 2003இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நூல்களிலிருந்து எடுத்த தகவலை ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

அலங்காரத்துக்குப் பொருள் படம் தேடுபவர்களுக்கு: 1936 என்று பொறித்த பிரிட்டிஷ் காசில் இருப்பது ஐந்தாம் ஜார்ஜின் தலை. எட்டாம் எட்வர்டின் காசு பிரிட்டனில் புழக்கத்துக்கே வரவில்லை. அவர் தபால்தலை செப்டம்பர் 1இலிருந்து உண்டு. '1937 மே 12, எட்டாம் எட்வர்ட் முடிசூட்டு விழா' என்று அச்சிட்ட கோப்பைகள் ஏராளம். அன்று அதே நாளில் முடிசூடியவர் ஆறாம் ஜார்ஜ்.

எல்லா வரியும் நிரம்பியபின் கிழமையைச் சரிபாருங்கள். 1936இன் நாட்காட்டியும் 2020இன் நாட்காட்டியும் ஒன்றே. கைப்பேசியில் 2020ஐத் திறந்து வைத்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. உதாரணமாக, கிரிஸ்டல் மாளிகைத் தீ 'டிசம்பர் 1, திங்கள்' என்று எங்காவது இருந்தால், திங்கட்கிழமை நவம்பர் 30. டிசம்பர் 1 செய்தித்தாளின் தேதி. எழுதியவர் கிழமையை நிகழ்விலிருந்தும் தேதியைப் பத்திரிகையிலிருந்தும் எடுத்திருக்கிறார்.