ஆஸ்ட்ரோபீக்கு நிரல் எழுதுவது எப்படி

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்துக்குள் 2019 முதல் பறந்து வரும் நாசாவின் ரோபோ ஆஸ்ட்ரோபீ. பக்கத்துக்கு 32 செ.மீ. கனசதுரம். விசிறியால் காற்றை இழுத்து, 12 துளைகள் வழியே தள்ளி நகரும். ஜப்பான் விண்வெளி முகமையான ஜாக்சாவின் கிபோ ரோபோ நிரலாக்கப் போட்டியில் மாணவர்கள் இதற்கு ஜாவாவில் நிரல் எழுதுகிறார்கள். ரோபோவைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் ஒருமுறை ஓடிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டளையும் தோற்கலாம் என்று எண்ணியே எழுதுங்கள்.

முதலில் அச்சுகள். இங்கே இசட் மதிப்பு கூடினால் ரோபோ தரைப் பக்கம் இறங்கும். இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் அனுமதிக்கப்பட்ட எல்லையை மீறிய இலக்கைக் கொடுத்துவிடுவீர்கள்; ரோபோ அசையாது.

நகர்வுக் கட்டளை ரோபோவை நேர்கோட்டில் கொண்டுபோகும். நடுவே தடைப்பகுதி இருந்தால் சுற்றிப்போக இடைப்புள்ளி ஒன்று வையுங்கள். பக்க அளவில் பாதியான 16 செ.மீ.யை மட்டும் இடைவெளியாக விட்டால் போதாது: திரும்பும்போது மூலை நடுவிலிருந்து ஏறக்குறைய 28 செ.மீ. வரை நீளும்.

கட்டளை தந்த முடிவை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். தோற்றால் மறுபடி அனுப்பலாம், ஆனால் மூன்று நான்கு தடவை என்று வரம்பு வேண்டும். வரம்பில்லாத லூப், கையிலுள்ள நேரம் முழுவதையும் விழுங்கிவிடும்.

அதிகம் சறுக்கும் இடம் படமெடுப்பதுதான். இலக்கை அடைந்த கணமே எடுத்தால் படம் கலங்கும். சில விநாடி நிலைக்க விடுங்கள். வழிகாட்டும் கேமரா அகலக்கோண லென்ஸ் கொண்டது, ஓரங்கள் வளையும். அதனால் ஆருக்கோ குறியை (கேமரா அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறி) தேடுமுன், கொடுக்கப்பட்ட கேமரா அளவுருக்களை (லென்ஸின் தன்மையைச் சொல்லும் எண்கள்) வைத்து, படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பான ஓப்பன்சிவியில் வளைவை நீக்குங்கள். சிமுலேட்டருக்கான அளவுருக்களை நிலையத்தில் அப்படியே பயன்படுத்தக் கூடாது. இரண்டையும் நிரலில் தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா ரோபோவின் நடுவில் இல்லை என்பதும் முக்கியம்: சுமார் 12 செ.மீ. முன்னே, 8 செ.மீ. மேலே, 4 செ.மீ. இடப்பக்கம். இந்த விலகலைக் கழிக்காவிட்டால் குறி படத்தின் ஓரத்துக்குப் போய்விடும்.

அதே கேமராதான் ரோபோவுக்குத் தன் இடத்தையும் சொல்கிறது. முன்பே தயாரித்த கிபோ வரைபடத்தோடு காட்சியை ஒப்பிட்டு நிலையை அறிகிறது. சரக்குப் பைகள் இடம் மாறினாலோ, விளக்கொளி மாறினாலோ பொருந்தும் புள்ளிகள் குறையும். ரோபோ வழி தவறும். சுவரை ஒட்டி நின்று அதையே பார்க்கும்படி இலக்கு வைக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்றால் கூடத்தின் பெரும்பகுதி கண்ணில் படும், நிலையும் உறுதிப்படும்.

அனுப்புமுன் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள். ஏதாவது ஒரு குறி கிடைக்காத ஓட்டத்திலும் நிரல் அடுத்த இலக்குக்குப் போய், பணியை முடித்ததாக அறிவிக்க வேண்டும்.